ஓடியதாக எழுதியவர்

வழித்தட அனுமதி பெற்ற பேருந்து, அனுமதியோடு இணைந்த கால அட்டவணையில் கண்ட நடைகள் அனைத்தையும் கண்ட நேரத்தில் இயக்க வேண்டும். ஒரு நடை தவறினால், தவறிய நேரத்தையும் காரணத்தையும் நேரக் காப்பாளர் பதிவேட்டில் உடனுக்குடன் தம் கைப்பட எழுத வேண்டும். இதுதான் விதி. ‘உடனுக்குடன்’ என்ற சொல்லைப் போட்டவர் எங்கள் ஊர் நேரக் காப்பாளரைப் பார்த்ததில்லை. இவர் அதற்கும் முன்னாலேயே எழுதிவிடுவார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. தொண்ணூற்றைந்திலிருந்து சுமார் பத்து வருடம், அரியலூர் பேருந்து நிலையத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தார். கம்பெனி இப்போது இல்லை; அதன் பெயரும் வேண்டாம். கழுத்தில் விசில். சட்டைப் பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. கக்கத்தில் பழுப்புத் தாள் அட்டை போட்ட நீளப் பதிவேடு. சிவப்புப் பேனா, தவறிய நடைகளைக் குறிப்பதற்காகக் கம்பெனி கொடுத்தது. வாங்கிய நாளில் இருந்த மை கடைசிவரை அதில் அப்படியே இருந்திருக்கும். அவர் அதன் மூடியால் காது குடைந்துகொள்வார்.

நடக்கும்போது அவர் குதிகால் தரையில் பட்டு நான் பார்த்ததில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வரும் ஊர். எல்லார் செருப்பிலும் வெள்ளைப் புழுதி அப்பியிருக்கும். அவர் செருப்பு மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். முன்பாதத்தால் தொட்டுத் தொட்டு, ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்குப் போவார்.

ஆங்கிலத்தில் ‘டிரிப்’ என்ற சொல்லுக்கு, மெல்லக் கால் பாவித் துள்ளி நடத்தல் என்று ஒரு பொருள் உண்டு. கால் தடுக்குதல் என்பது இன்னொன்று. பயணம் என்பது அதற்கும் பின்னால் வந்து சேர்ந்தது. நான் பள்ளியில் வைத்திருந்த அகராதியில் இவை அந்த வரிசையிலேயே இருந்தன. நம் அரசாணைகளில் பஸ் போய்வருவதை ‘நடை’ என்று எழுதுகிறோம். யார் செய்த மொழிபெயர்ப்போ, நல்ல மொழிபெயர்ப்பு. ஆனால் அரியலூர் பேருந்து நிலையத்தில் நடை என்று சொன்னால் கோயில் சாத்திவிட்டார்களா என்று கேட்பார்கள். அங்கே எல்லாம் டிரிப்தான். அதிலும் இவருக்கு உலகத்தில் டிரிப்பைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை.

இரண்டாவது கிளாஸ் டீ, செகண்ட் டிரிப். லாரியில் போகும் கல், டிரிப். பழனிக்குப் போனாலும் டிரிப், பங்காளி வீட்டுப் பஞ்சாயத்துக்குப் போனாலும் டிரிப். மின்சாரம் போனால் ஆபீஸ் அறையிலிருந்து, “டிரிப் ஆயிடுச்சு!” என்று குரல் வரும். மகளுக்கு இரண்டாவது பிரசவம் ஆன அன்று மிட்டாய் கொடுத்துக்கொண்டே, “இந்த டிரிப்பும் பொண்ணுதான் சார்” என்றார். ஒருமுறை வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர், “ரெண்டு டிரிப் ஏத்துனாங்க, எந்திரிச்சிட்டேன்” என்றார்.

“அது வேற வார்த்தைங்க. சொட்டுச் சொட்டா எறங்குறதுக்குச் சொல்றது” என்றேன்.

“எல்லாம் ஒண்ணுதான் சார். உள்ள போச்சா, ஆளு எந்திரிச்சானா, அவ்வளவுதான்.”

கம்பெனியின் பழைய டிரைவர் ஒருவர் இறந்தபோது, மாலை போட்டுவிட்டு வந்து நின்று, “கடைசி டிரிப்ப கரெக்ட் டைமுக்கு எடுத்துட்டாரு” என்று சொன்னார். அதே மூச்சில் செந்துறை வண்டிக்கு விசில் ஊதினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கனமில்லாத மனிதர்களிடம் நமக்கு ஒரு பிரியம் உண்டு, அவர்கள் யார்மேல் மிதித்து நடக்கிறார்கள் என்று தெரியாத வரைக்கும்.

தொண்ணூற்றேழில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வாரம் ஒருமுறை செந்துறைக்கு ஆய்வுக்குப் போவேன். ஒருநாள் காலை ஆறரை மணி. வண்டி வரவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். எழுத்தைப் பார்த்தால் பக்கத்து மேஜைக்காரர் எழுத்தானாலும் படித்துவிடுவது என் முப்பது வருடப் பழக்கம். எட்டிப் பார்த்தேன். மாலை 5.40 நடைக்கு எதிரே, புறப்பாடு 5.42 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

“என்னங்க இது? பொழுதே இப்பத்தான் விடியுது. சாயந்தரம் வண்டி போயிடுச்சா?”

“போயிடும் சார்.”

“போன பெறகு எழுதறதுக்குப் பேருதானே பதிவேடு?”

“சாயந்தரம் கூட்டம் சார். அப்ப உக்காந்து எழுதுனா விசில எவன் ஊதுறது? காலைல ஒரே டிரிப்புல முடிச்சுட்டா மனசு லேசா இருக்கும்ல.”

“சரி, அஞ்சு நாப்பது வண்டிக்கு எதுக்கு அஞ்சு நாப்பத்திரெண்டு?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. “அது இருக்குல்ல சார்! எல்லாத்தையும் கரெக்டா போட்டா சந்தேகம் வந்துரும். அங்கங்க ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் லேட்டு போடணும். காரணத்தப் பாருங்க.”

காரணக் கட்டத்தில் ‘ரயில்வே கேட் அடைப்பு’ என்று இருந்தது. மாலையில் வரப்போகும் ரயிலுக்குக் காலை ஆறரைக்கே கேட்டை அடைத்துவிட்டார்.

அன்றைக்கே நான் இதை எழுதி மேலே அனுப்பியிருக்க வேண்டும். என் வண்டி வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

செந்துறையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூரில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்த பிறகு, அவர் மனைவி அஞ்சலை இரண்டு பெண் பிள்ளைகளோடு அந்த ஊரிலேயே இருந்தாள். பத்தாம் வகுப்பு தேறியவள். அவள் ஊர் அங்கன்வாடிக்கு ஒரு பணியாளர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான். விதவைகளுக்கு வயது வரம்பில் சலுகை உண்டு. அந்தச் சலுகையின்படியும் அவளுக்கு அதுவே கடைசி வருடம். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணி மாதம், பெரம்பலூரில், காலை பத்து மணி. உரிய நேரத்தில் வராதவர்கள் பிறகு பரிசீலிக்கப்பட மாட்டார்கள் என்று கீழே ஒரு வரி.

அவள் ஊருக்கு வந்தது இந்தக் கம்பெனியின் ஒரே ஒரு பஸ். அதிகாலை ஐந்தரைக்கு அரியலூரில் கிளம்பும். ஆறு ஐம்பதுக்கு அந்த ஊரில் திரும்பும். அதில் ஏறினால் எட்டேகாலுக்கு அரியலூர், அங்கே மாறி ஒன்பதரைக்குப் பெரம்பலூர். கணக்குப் பார்த்துச் சொன்னதும் நான்தான்.

அன்று பஸ் வரவில்லை. ஆறு மணியிலிருந்து சான்றிதழ்ப் பையோடு நின்றவள், எட்டு மணிக்கு நடக்க ஆரம்பித்துச் செந்துறை போய், பஸ் பிடித்து, மாறி, பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. தேர்வு முடிந்துவிட்டது. அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. “பஸ் வரலன்னு பஸ்காரங்ககிட்டயே எழுதி வாங்கியாங்கம்மா. லிஸ்டு பத்து நாள்ல கையெழுத்தாவும். அதுக்குள்ள கொண்டாந்தா உங்களத் தனியாக் கூப்பிட்டுப் பாத்துக்கிறேன்” என்று சொல்லியனுப்பினார். விதிப்படி அவர் அதைக்கூடச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மறுநாள் அஞ்சலை என் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். இருவரும் பேருந்து நிலையத்துக்குப் போனோம். டைம் கீப்பர் பதிவேட்டை விரித்தார். புறப்பாடு 5.31. திரும்பி வந்தது 8.19. காரணம், ரயில்வே கேட்.

“ஓடிருக்கே சார்” என்றார்.

“இல்லீங்க. நான் ஆறு மணிலேருந்து நின்னேங்க. வரலீங்க” என்றாள் அஞ்சலை.

“நீங்க அந்தாண்ட பாத்துருப்பீங்க, வண்டி இந்தாண்ட போயிருக்கும்.”

“எங்கூருக்கு ரோடே ஒண்ணுதாங்க. பஸ்ஸு வந்து எங்க வூட்டு முன்னாலதான் திரும்பும்.”

“அப்பக் கண்டிப்பாப் பாத்துருக்கணுமே!” என்று அவர் ஆச்சரியப்பட்டார். நடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. பதிவேட்டில் இருப்பதை அவரே நம்பிவிட்டார் என்றுதான் தோன்றியது.

ஊருக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். தினமும் அந்தப் பஸ்ஸில் பால் கேன் ஏற்றுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், தலையாரி என்று முப்பது பேருக்கு மேல் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துக் கொடுத்தார்கள். பெரம்பலூரில் அந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இத்தன பேரு சொல்றாங்க, நான் நம்புறேன் சார். ஆனா பதிவேட்டுல ஓடுனதா இருக்கே? எழுத்துக்கு எதிரா நான் எப்படி எழுதறது?” அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதுதான் எரிச்சலாக இருந்தது.

எட்டாம் நாள், என்னோடு வேலை பார்த்த நண்பர் வீட்டுக்குப் போனேன். மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்திருந்தார், நான் போகவில்லை. பிந்திய வாழ்த்தைச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனது. ஆல்பத்தைக் கையில் கொடுத்தார்கள். பெண் வீடு பெரம்பலூர். மாப்பிள்ளை வீட்டார் அதிகாலையில் பஸ் பேசி அழைத்துப் போயிருக்கிறார்கள். நாலாவது பக்கத்தில் அந்தப் பஸ். முகப்பில் இரண்டு வாழைக்கன்று கட்டி, பெரம்பலூர் மண்டபத்து வாசலில் நிற்கிறது. படிக்கட்டுப் பக்கத்தில், நெற்றியில் சந்தனம், கழுத்தில் விசில், வாய் நிறைய வெற்றிலையோடு எங்கள் டைம் கீப்பர். படத்தின் மூலையில் தேதி சிவப்பு எழுத்தில் விழுந்திருந்தது. அஞ்சலையின் தேர்வு நாள்.

அவள் ஏற வேண்டிய பஸ், அவள் போக வேண்டிய ஊருக்கு, அவள் போக வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றிருக்கிறது.

விசாரித்ததில் மற்றதும் தெரிந்தது. பதிவேட்டை முந்தின நாள் சாயந்தரமே எழுதி வைத்துவிட்டு, விருந்துக்கு அவரும் அதே பஸ்ஸில் ஏறியிருக்கிறார். அன்று பேருந்து நிலையத்தில் விசில் ஊதியது டீ மாஸ்டர்.

“இந்தப் போட்டோ வேணும்” என்றேன்.

நண்பர் மனைவி சங்கடப்பட்டார். “அதுல பஸ்ஸுதான சார் இருக்கு? பொண்ணு மாப்பிள்ள நிக்கிறதாத் தரேன்.”

“எனக்குப் பஸ்தாம்மா வேணும்.”

ஒன்பதாம் நாள் காலை அதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அஞ்சலையும் கூட வந்திருந்தாள். அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா விழுந்துருக்கேன்ல சார்? நெகட்டிவ் கெடைக்குமா?”

“வண்டி நம்பர் தெரியுது. தேதி தெரியுது. முகூர்த்தம் ஏழரைக்கு. அங்க சந்தனம் பூசிக்கிட்டு நிக்கிறீங்க. எட்டு பத்தொம்போதுக்கு இங்க கையெழுத்துப் போட்டது யாருங்க?”

“அது ஸ்பெஷல் டிரிப்பு சார். இது ரெகுலர் டிரிப்பு.”

“வண்டி ஒண்ணுதானே?”

“வண்டி ஒண்ணுதான்” என்று ஒப்புக்கொண்டார். அதில் முரண்பாடு எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

“ஒரு வரி எழுதிக் குடுங்க. அன்னிக்கி அந்த நடை இயக்கப்படலன்னு. இந்தம்மாவுக்கு அது போதும். உங்க மேல நான் ஒண்ணும் எழுதமாட்டேன்.”

முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். “சார், உங்களுக்குத் தெரியாததா? ஒண்ண அடிச்சா ஏன் அடிச்சேன்னு கேப்பான். அப்பறம் முன்னப்பக்கத்தத் திருப்புவான், பின்னப்பக்கத்தத் திருப்புவான். அஞ்சு வருஷ நோட்டு சார்.” பிறகு பழைய குரல் வந்துவிட்டது. “அடுத்த டிரிப்பு எழுதட்டும் சார், பாஸாயிருவாங்க.”

“அடுத்தது கெடையாதுங்க. வயசு முடியுது” என்றாள் அஞ்சலை.

“அப்ப வேற வேல பாக்கறது. ஊர்ல வேலையா இல்ல?” என்றார். ஜெயங்கொண்டம் வண்டி நகர்ந்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டு அதன் பின்னாலேயே போய்விட்டார்.

என் பணிக்காலத்தில் லஞ்சம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆளைப் பழிவாங்கக் கோப்பை அமுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் குறைந்தபட்சம் ஓர் எண்ணம் இருந்தது. எதிரே நிற்பவன் யார் என்று தெரிந்து செய்தார்கள். இவர் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் செய்ய நினைக்கவே இல்லை. அவர் நினைப்பில் அவள் வரவே இல்லை. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், முந்தியவர்களை மன்னித்துவிடலாம்.

பதிவேடு தப்பு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பெரம்பலூர்த் தேர்வு அதிகாரிக்கு இல்லை. அதனால் படத்தை வைத்து அன்றே மனு எழுதி, பதிவேட்டைக் கைப்பற்றி விசாரிக்க வேண்டும் என்று கேட்டு, உரிய அலுவலகத்தில் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மறுநாள் லிஸ்டு கையெழுத்தானது. வேலை பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்திக்குப் போனது. அவளும் அதே பஸ்ஸில்தான் தினமும் வந்தாள். பஸ் வராத முகூர்த்த நாட்களில் பிள்ளைகள் அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை வீட்டுக்கு அழைத்துப் போய்க் கஞ்சி கொடுத்தது அஞ்சலை.

மனு மீது ஆணை வந்தால், வாய்ப்பு மறுக்கப்பட்டவர் என்று காட்டி வயதைத் தளர்த்திக் கேட்க வழி இருந்தது. அதனால் நான் விடவில்லை. ஆனால் இரண்டாயிரத்தொன்றில் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. கோப்பு பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போனது. அடுத்த வருடமே மாவட்டத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். கோப்பு பெரம்பலூருக்குப் போனது. ஒவ்வொரு நினைவூட்டுக்கும் ஓர் அட்டை வந்தது: ‘தங்கள் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ இது பதில் ஆகாது. மனு இங்கே இல்லை என்ற தகவல் மட்டுமே.

டைம் கீப்பர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார். “சார், உங்க பேப்பரு எத்தனாவது டிரிப்பு?” பகையே கிடையாது. டீ வாங்கிக் கொடுக்க வருவார்.

ஒருநாள் செந்துறை வண்டியில் நானும் அஞ்சலையும் ஏறினோம். கூட்டம். அவர் கீழே நின்று கண்டக்டருக்குக் குரல் கொடுத்தார். “யோவ், அந்தம்மாவுக்கு ஜன்னலோரம் ஒரு சீட்டு விடுய்யா! நம்ம ஆளு!” யாரோ ஓர் ஆளை எழுப்பி இடம் உண்டாக்கினார்கள். அவருக்கு ஒரே திருப்தி. கணக்கு நேராகிவிட்டது என்பதுபோல் விசில் ஊதினார். அஞ்சலை உட்காரவில்லை. செந்துறை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலியாக இருந்த அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். உட்காரப் போனவர்களையும் அவள் பார்த்த பார்வை தடுத்துவிட்டது.

இரண்டாயிரத்தைந்தில் முதலாளி பஸ்களை விற்றார். டைம் கீப்பர் ரெட்டிபாளையத்தில் ஒரு கல் காண்டிராக்டரிடம் லாரி டிரிப் எண்ணும் வேலைக்குப் போனார். அங்கேயும் காலையிலேயே எண்ணி முடித்துவிடுவாரா என்று நான் கேட்கவில்லை. அஞ்சலையும் அதற்குள் பெண்களோடு அந்தப் பக்கம் குடிவந்து, தொழிலாளர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்துவந்தாள். மத்தியானம் அவர் அங்கேதான் சாப்பாடு. அவள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

“‘அக்கா, செகண்ட் டிரிப் சாம்பார் ஊத்துங்க’ன்னாரு சார். ஊத்துனேன். ‘ஒங்கள எங்கியோ பாத்துருக்கேனே’ன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“பஸ்ஸுல பாத்துருப்பீங்கன்னேன். ஆமாமான்னு சொல்லிட்டுச் சாப்புட்டாரு.”

இரண்டாயிரத்தேழு கடைசியில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆனது. கோப்புகளை மறுபடியும் பிரித்துக் கட்டினார்கள். கட்டும்போது யாரோ ஒரு புதிய ஆள் உறையைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். பதில் வந்தது. மனுவில் கண்ட நாளன்று மேற்படி காலை நடை இயக்கப்படவில்லை என்பது, இணைக்கப்பட்ட புகைப்படத்தால் உறுதியாகிறது. சம்பந்தப்பட்ட நிறுவனம் தற்போது செயல்படாததால் மேல் நடவடிக்கை தேவையில்லை. மனுதாரர் இக்கடிதத்தை உரிய இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அன்றே ரெட்டிபாளையம் போனேன். அஞ்சலை மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அடுப்புக்குத் தள்ளி நின்று, தானே முழுவதும் படித்தாள்.

“உரிய இடம்னா எது சார்?”

எனக்குத் தெரிந்த விதிகள் எதிலும் அப்படி ஓர் இடம் மிச்சமில்லை. சொன்னேன்.

அவள் கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினாள். “நீங்களே வச்சுக்குங்க சார். பஸ்ஸு வரலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, என் வழக்கப்படி, உறையின் மேல் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: 19-12-2007.